ஏடிஎம் அறையில் ஒரு துணிக்கடை

ஸ்ரீமங்களம் ஜவுளி மாளிகையை மூடப்போகிறோம் என்று முதலாளி ஸ்ரீதர் சொன்ன அன்று, கடையில் வேலை பார்த்த பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அன்னபுஷ்பம் மட்டும் கேள்வி கேட்டாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் மூன்று மாடிக் கடை அது. ஸ்ரீதரின் அப்பா ஒரே ஒரு தளத்தோடு ஆரம்பித்தது. சுற்றுவட்டாரத்தில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் கையில் காசோடு பட்டெடுக்க வந்த காலத்தில் இரண்டாவது மாடி எழும்பியது. அப்புறம் மூன்றாவதும் எழும்பியது. அந்தக் கூட்டம் போய்ப் பத்து வருடமாகிவிட்டது. கல்யாணப் புடவைக்கு இப்போது எல்லோரும் காஞ்சிபுரத்துக்கோ தி.நகருக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். மூன்றாவது மாடியில் விளக்கைப் போடுவதையே நிறுத்தி இரண்டு வருடமாகியிருந்தது.

தரைத்தளத்தில், வெள்ளைத் துணி விரித்த மெத்தைக்கு முன்னால் எல்லோரையும் கூட்டிவைத்து ஸ்ரீதர் பேசினார்.

"நாட்டு நெலமையே சரியில்ல. பொருளாதாரம் படுத்துடுச்சு. ஜனங்க கையில காசு இல்ல. நம்ம கடை மட்டும் இல்ல, எல்லா ஊர்லயும் கடைங்க மூடிக்கிட்டுதான் இருக்கு. நம்ம யார் மேலயும் தப்பில்ல."

அன்னபுஷ்பம் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். மண்ணூர்க்காரி. நாற்பத்து நான்கு வயது. ரெடிமேட் பிரிவில் பதினைந்து வருடம் நின்ற கால்கள். வாடிக்கையாளரின் தோளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். டேப்பை அவள் எடுப்பதே எதிரில் நிற்பவருக்கு நம்பிக்கை வரட்டும் என்றுதான்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளும்மா."

"ஜனங்க கையில காசு இல்லன்னா, பென்னலூர் ஆஸ்டல் வாசல்ல தெனம் மூணு பார்சல் வண்டி எதுக்கு சார் வந்து நிக்கிது? அதுல பாதி துணி சார். என் வூட்டுக்காரரு அங்கதான் பஸ் ஓட்றாரு, கண்ணால பாத்துக்கினு கீறாரு."

யாரோ இருமினார்கள். ஸ்ரீதரின் முகம் சிவந்தது.

"பொருளாதாரத்தப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார். இந்த ஊர்ல பொம்பளைங்க இன்னா துணி கட்றாங்கன்னு தெரியும். மூணு வருசமா அதத்தான் சொல்லிக்கினு கீறேன்."

உண்மையில் சொல்லியிருந்தாள். ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பெண்கள் காலை ஆறே முக்காலுக்கு வருகிறார்கள், நாம் பத்து மணிக்குப் பூஜை போட்டுக் கடை திறக்கிறோம் என்று சொன்னாள். காட்டன் குர்தி வாங்கி வையுங்கள், பெரிய அளவில் வையுங்கள் என்றாள். துணியைப் போட்டுப் பார்க்கிற அறையில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறோம், அதைக் காலி செய்யுங்கள் என்றாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகையைக் கழற்றச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஸ்ரீதர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "நம்மது பட்டுக்கடைம்மா. அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. நஷ்டத்திலும் இரண்டு வருடம் யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் கடையை இழுத்துக்கொண்டு வந்தார். கடைசி நாளில் எல்லோரும் ஆளுக்கொரு புடவை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்னபுஷ்பத்தின் முறை வந்தபோது அவள் புடவை அடுக்கின் பக்கமே போகவில்லை.

"எனக்கு அந்த நிலைக்கண்ணாடி குடுங்க சார்."

"கண்ணாடியா? எதுக்கு?"

"பழைய சாமான்காரன் கிட்டதானே போவப்போவுது. நான் எடுத்துனு போறேன்."

ஆளுயரக் கண்ணாடி அது, தேக்குச் சட்டம் போட்டது. அதை எதற்காகக் கேட்டாள் என்பது அன்றைக்கு அவளுக்கே தெரியாது. பதினைந்து வருடம் அதன் முன்னால் ஆட்களை நிறுத்தி, "திரும்புங்க, கையைத் தூக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, அது தன்னுடையது என்ற எண்ணம் வந்துவிட்டது போலும். கணவன் ஏசுதாஸ் நண்பனின் டாட்டா ஏஸ் வண்டியைக் கொண்டுவந்து, பழைய போர்வை சுற்றிக் கண்ணாடியை மண்ணூருக்கு ஏற்றிப்போனான்.

அடுத்த மாதமே ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. ஆன்லைனில் வாங்கிப் பிடிக்காமல் திருப்பி அனுப்புகிற துணிகள் வந்து சேரும் பிரிவு. ஒவ்வொரு பையாகப் பிரிக்க வேண்டும், கறை இருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஸ்கேன் செய்து இந்தப் பெட்டியிலோ அந்தப் பெட்டியிலோ போட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று கணக்கு உண்டு.

முதல் வாரம் அன்னபுஷ்பம் மலைத்துப்போனாள். துணி மலைமலையாக வந்தது. காசில்லாத ஜனங்களா இத்தனை வாங்கியிருக்கிறார்கள்? இரண்டாவது வாரத்தில்தான் அடுத்த கேள்வி வந்தது. வாங்கியவர்கள் ஏன் இத்தனையைத் திருப்பி அனுப்புகிறார்கள்?

சில பைகளுக்குள் துண்டுச்சீட்டு இருக்கும். வாங்கியவர்கள் யாரோ படிப்பார்கள் என்று நம்பி எழுதி வைத்தது. 'கை ஏறவில்லை.' 'படத்தில் மெரூன், நேரில் செங்கல் கலர்.' 'வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எல்லாம் தெரிகிறது.' 'இது மூன்றாவது சைஸ், இதுவும் சரியில்லை.' மற்றவர்கள் சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டார்கள். அவள் ஒன்றுவிடாமல் படித்தாள்.

சூப்பர்வைசர் ரிச்சர்ட் நல்ல பையன்தான், ஆனால் அவனுக்கும் மேலே ஒருவன் இருந்தான்.

"அக்கா, இத்தெல்லாம் படிக்காதீங்கக்கா. டார்கெட் கீது."

"இந்தப் பொண்ணு மூணு தபா வாங்கி மூணு தபா அனுப்பிகீது ரிச்சர்ட். யாராவது பாக்க வேணாமா?"

"அத்த மேல இருக்கறவங்க பாத்துப்பாங்க."

"மேல எங்க? நீ பாத்துகீறியா அவங்கள?"

ரிச்சர்ட் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனும் பார்த்ததில்லை.

பென்னலூர் மகளிர் விடுதி என்ற முகவரி அடிக்கடி கண்ணில் பட்டது. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற அறுநூறு பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். ஏசுதாஸ் ஓட்டுகிற பஸ் அவர்களுடையதுதான். தெற்கத்திப் பெண்கள், தருமபுரிப் பெண்கள், ஒடிசாப் பெண்கள். கடைக்குப் போக அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்குத் துணி துவைக்கவும் தூங்கவுமே நேரம் போதாது. அதனால் போனில் படத்தைப் பார்த்து வாங்கினார்கள். வந்தது சேரவில்லை. திரும்ப அனுப்பினார்கள்.

நான்காவது மாதம் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அன்னபுஷ்பம் அடையாள அட்டையைக் கழற்றி ரிச்சர்ட் கையில் கொடுத்தாள்.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லா கீறேன். கடை போடப் போறேன்."

"எல்லாரும் கடைய மூடிக்கினு கீறாங்க, நீங்க தொறக்கறீங்களா?"

"அவங்க மூடட்டும். நான் தொறக்கறேன்."

விடுதிக்கு எதிர்ப்புறம் நடேசன் என்பவரின் கட்டடத்தில் ஒரு சின்ன அறை காலியாகக் கிடந்தது. முன்பு ஏடிஎம் இருந்த இடம். பேங்க் இயந்திரத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபின் கண்ணாடிக் கதவும் வெள்ளை டைல்ஸும் மட்டும் மிச்சம். நடேசன் வயல் விற்றுக் கட்டடம் கட்டியவர். யாரையும் சட்டென்று நம்பமாட்டார்.

"ஏடிஎம்மே ஓடல இங்க. துணிக்கடை ஓடுமா?"

"மெசினுக்கு வாய் கெடையாது அண்ணே. எனக்குக் கீது."

நடேசன் சாவியைக் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஏசுதாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பயந்த சுபாவம். மனைவி வேலையை விட்டதைக் கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் மூன்றாம் நாள் போர்வையைப் பிரித்து, நிலைக்கண்ணாடியைத் துடைத்து, அவனே சுவரில் ஆணியடித்து மாட்டினான். கண்ணாடிக்கு எதிரில் ஒரு கம்பி கட்டித் திரை தொங்கவிட்டான். திரைக்குப் பின்னால் ஒரு ஆள் தாராளமாகக் கையைத் தூக்கித் துணி மாற்றலாம். மிச்சமிருந்த இடத்தில் ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், இரண்டு அலமாரி. துணிகளை அன்னபுஷ்பம் வண்ணாரப்பேட்டை மொத்தக் கடைகளில் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து வாங்கினாள். உள்ளே தெரிகிற துணியை எந்த விலைக்கும் தொடவில்லை.

கடை நேரம் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. பிறகு மதியம் இரண்டரை முதல் ஆறு வரை. ஷிப்ட் பஸ் வருகிற நேரம் எதுவோ அதுதான் கடை நேரம்.

முதல் நாள் காலை பஸ் வந்தது. ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்த பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு விடுதிக்குள் போனார்கள். யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கடைசியாக இறங்கிய ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கி வந்தாள். தங்கமாரி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்து நான்கு வயது.

"அக்கா, எனக்கெல்லாம் எந்தக் கடையிலயும் சேராதுக்கா. கை பெருசு. டிரே தூக்கித் தூக்கி இப்படி ஆயிட்டு. போன்ல மூணு மட்டம் வாங்கித் திருப்பிவிட்டுட்டேன்."

அன்னபுஷ்பம் டேப்பைத் தொடவில்லை. தங்கமாரியின் தோளை ஒரு தடவை பார்த்தாள்.

"ஒடம்பு நாப்பத்திரண்டு. கைக்கு மட்டும் நாப்பத்தி நாலு சைஸ் வேணும். இந்த நீலத்தப் போட்டுனு வா."

போட்டுக்கொண்டு வந்தாள். கைப்பகுதி மட்டும் இறுக்கிப் பிடித்தது. கையின் பக்கவாட்டுத் தையலுக்குள் இரண்டு விரற்கடை துணி மடித்து விட்டிருந்தார்கள். அதைப் பிரித்துவிட்டால் போதும்.

"பத்து நிமிசம் உக்காரு. பிரிச்சித் தச்சித் தரேன்."

"உக்காரவா?" என்றாள் தங்கமாரி. பன்னிரண்டு மணி நேரமாக அவளிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்திலேயே தூங்கிப்போனாள். தைத்து முடித்தும் அன்னபுஷ்பம் எழுப்பவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவளாகவே பதறி எழுந்து, குர்தியைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"ஏக்கா, கை நல்லா ஏறுதுக்கா!"

மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் திரைக்கு முன்னால் வரிசை நின்றது. சிலர் போனில் படத்தைக் காட்டி, "இதே மாதிரி, ஆனா துணி கெட்டியா" என்று கேட்டார்கள். அன்னபுஷ்பம் தேடிக் கொண்டுவந்தாள். பிடிக்கவில்லை என்றால் துவைக்காமல் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினாள். மாற்ற வந்தவர்கள் மிகக் குறைவு.

எட்டு மாதம் இப்படி ஓடியது. அப்புறம்தான் உண்மையான அடி விழுந்தது.

கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஆர்டர் குறைந்தது. முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு ஒரு உற்பத்தி லைனே நின்றது. கான்ட்ராக்ட் முடிந்த பெண்களுக்குப் புதுப்பித்துத் தரவில்லை. ஒரு வாரத்துக்குள் விடுதி வாசலில் சூட்கேஸும் பக்கெட்டும் பாயுமாக நிற்கிற பெண்களைக் காலையும் மாலையும் பார்க்க முடிந்தது. தங்கமாரியும் போனாள். பஸ் ஏறும் முன் கடைக்கு ஓடிவந்து அன்னபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கடைய மூடிராதிய. நான் திரும்பி வருவேன்."

"நீ வந்தாலும் வராட்டியும் மூட மாட்டேன். போய்ச் சேந்துட்டு போன் பண்ணு."

அறுநூறு பேர் இருந்த விடுதியில் நூற்றெண்பது பேர் மிஞ்சினார்கள். ஏசுதாஸின் பஸ்ஸுக்கு ஒரு நடை குறைந்தது. கடைக்குச் சில நாள் காலையில் ஒருவர்கூட வரவில்லை.

அப்படி ஒரு காலையில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு கார் நின்றது. ஸ்ரீதர் இறங்கினார். கொஞ்சம் இளைத்திருந்தார். ஜவுளி மாளிகையின் தரைத்தளத்தை ஜிம்முக்கு வாடகைக்கு விட்டுவிட்டதாகச் சொன்னார். அன்னபுஷ்பம் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் ஆளில்லாத கடையையும் காலித் தெருவையும் பார்த்தார்.

"பாத்தியாம்மா? அன்னைக்கி எல்லார் முன்னாலயும் என்னைக் கேள்வி கேட்ட. இப்ப சொல்லு. நான் சொன்னதுதானே நடந்துச்சு? பொருளாதாரம் படுத்தா எந்தக் கடையும் நிக்காது."

அவர் குரலில் குத்தல் அதிகமில்லை. தன் பக்கத்தில் ஒரு ஆள் சேர்ந்த ஆறுதல்தான் இருந்தது. அதுதான் அன்னபுஷ்பத்துக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"சார், இப்ப நடக்கறது நெஜம். நான் இல்லன்னு சொல்லல. பொண்ணுங்க பொட்டியத் தூக்கினு போனத என் கண்ணால பாத்தேன். அதுங்க கையில காசு இல்ல, வேலையும் இல்ல. ஆனா நீங்க கடைய மூடும்போது இது நடக்கல சார்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"எப்டி சார் ஒண்ணாவும்? அப்ப ஆஸ்டல் நெறைஞ்சி கெடந்துச்சி, உங்க கடை காலியா கெடந்துச்சி. இப்ப ஆஸ்டலே காலி. அன்னிக்கி அறுநூறு பேரு துணி வாங்கினு இருந்தாங்க, நம்ம கிட்ட வாங்கல. அவ்ளோதான். அதுக்குப் பேரு வேற சார். அத்த நீங்க நாட்டு மேல போட்டீங்க."

ஸ்ரீதர் தெருப்பக்கம் திரும்பினார். வெளியே ஒரு கன்டெய்னர் லாரி போய் முடிகிறவரை காத்திருந்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். காஞ்சிபுரம் ரோட்டில் சின்னதாக ஒரு கடை போடப்போகிறார். காட்டன், ரெடிமேட் மட்டும். காலையில் ஏழு மணிக்கே திறக்கிற மாதிரி. "நீ வந்து பாத்துக்கோ. பழைய சம்பளத்துக்கு மேலயே தரேன்."

ஏசுதாஸ் அன்று காலை நடை இல்லாமல் கடையின் மூலையில் நின்றுகொண்டிருந்தான். அவன் கண்கள் மனைவியை இறைஞ்சின. அன்னபுஷ்பம் அவன் பக்கம் திரும்பவில்லை.

"நல்லா நடத்துங்க சார். இன்னா துணி வெக்கணும்னு கேக்கணும்னா இங்க வாங்க, சொல்றேன். வேலைக்கி வரமாட்டேன்."

"யோசிச்சு சொல்லும்மா."

"மூணு வருசம் உங்களுக்காக யோசிச்சிட்டேன் சார். இனிமே எனக்காக யோசிக்கறேன்."

ஸ்ரீதர் எழுந்தார். கோபப்படவில்லை. போகிற வழியில் தொங்கிக்கொண்டிருந்த குர்தியின் துணியை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து, "நல்ல துணிம்மா" என்றார். ஜவுளிக்காரர் அல்லவா, பொய் சொல்லமாட்டார்.

அவர் போனபின் ஏசுதாஸ் வாய் திறந்தான். "ரெண்டு மாசம் மூடி வெச்சிட்டு, ஆளுங்க வந்தப்புறம் தொறக்கலாம்னு நடேசன் அண்ணனும் சொல்றாரு."

"மூடி வெச்ச கடைய யாரும் தேடினு வரமாட்டாங்க. நூத்தியெம்பது பேருக்குக் காலையில தொறப்பேன். மத்த நேரத்துக்கு வேற ஆளுங்கள தேடிக்கினு போறேன்."

சேரப்பணஞ்சேரியில் வரிசை வரிசையாக வாடகை அறைகள் கட்டி விட்டிருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். குடும்பத்தோடு வந்து தங்கியிருப்பவர்கள், கணவன் ஒரு கம்பெனியிலும் மனைவி இன்னொன்றிலும் வேலை பார்ப்பவர்கள். ஒரு சனிக்கிழமை மதியம் முப்பது குர்திகளை இரண்டு மூட்டையாகக் கட்டி ஷேர் ஆட்டோவில் ஏறினாள். அறைகளுக்கு நடுவிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விரித்தாள். பெண்கள் வந்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், பேசினார்கள். சிலரோடு பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் கையைக் காட்டியும் பேச வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு குர்தி போனது.

இருட்டுவதற்கு முன் மூட்டைகளோடு வீடு திரும்பினாள். வாசலில் ஏசுதாஸ் நின்றிருந்தான்.

"இன்னா, ஒண்ணும் போவலியா? அங்கயும் ஜனங்க கையில காசு இல்லபோல."

அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"காசு கீது. ஸ்கூல் தொறக்கப் போவுது, புள்ளைங்களுக்கு யூனிபார்ம் வேணுமாம். பாவாடை வேணுமாம், கொழந்தைக்கு உள்பனியன் வேணுமாம். ஒவ்வொரு பொம்பளையும் என்கிட்ட அதத்தான் கேட்டுச்சி. நான் குர்தி தூக்கினு போனேன். அதுங்க மேல தப்பில்ல. என் மேலதான்."

ஏசுதாஸ் அவளையே பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

திங்கட்கிழமை காலைக் கடையை முடித்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். அங்கன்வாடிப் பிள்ளை முதல் பத்தாவது படிக்கிற பையன் வரை அந்த வரிசை வீடுகளில் எத்தனை பேர், எந்தப் பள்ளி, எந்த நிறம் என்று அங்கிருந்த பெண்களிடமே போனில் கேட்டு எழுதி வைத்திருந்தாள். அடுத்த சனிக்கிழமை மூன்று மூட்டைகளாயின. ஷேர் ஆட்டோக்காரர் முணுமுணுத்தார். அவள் இரண்டு ஆளுக்கான கட்டணத்தைக் கொடுத்து வாயை அடைத்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது மணி நான்குகூட ஆகவில்லை. ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் வந்து நின்றிருந்தார்கள். அன்னபுஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் பிள்ளையைத் தன் முன்னால் நிறுத்தினாள்.

"கைய தூக்கு கண்ணு. ம், இன்னும் மேல."